காவல் நாயின் உடற்பராமரிப்பும் உண்ணி ஒழிப்பும்

தோட்டக்கால் உள்ள குடியானவர் வீடுகளில் நாய் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கதிர் முற்றிய சோளக்கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமலும், கிடை மடக்கிய இரவில் ஆடு களவு போகாமலும், மோட்டார் அறையிலிருந்து செப்புக் கம்பியை எவரும் அறுத்துச் செல்லாமலும் காத்து வருவது அதுவே. எனினும், மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டி, அதன் குளம்பையும் நாக்கையும் பார்த்து வைத்தியம் செய்யும் அதே குடியானவர், நாயின் திறத்தில் மிஞ்சிய சோற்றை வைப்பதோடு தம் கடமை தீர்ந்ததாக எண்ணிவிடுகிறார். நாய் சில நாள் இரை எடாமல் மெலிந்து, மூக்கில் இரத்தம் ஒழுக இறந்தபின், பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்ற பேச்சு எழுகிறது. அதனால் வரப்புத் தகராறு வளர்ந்து கிராம அலுவலர் முன்னும் காவல் நிலையத்திலும் முறையிடுவது பல ஊர்களில் நடப்பதே. மூக்கில் இரத்தம் வடிந்து நாய் இறப்பதற்கு எலிமருந்து ஒரு காரணமாகலாம். உண்ணியினால் வரும் காய்ச்சலும் காரணமாகலாம். இரத்தப் பரிசோதனையின்றி இன்னதென்று துணிந்து கூறுதல் இயலாது. ஆனால், உண்ணியை ஒழிப்பது உரியவரின் கையிலேயே இருக்கிறது.

தென் ஜில்லாக்களின் நாட்டு நாய்களாகிய இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை பலரும் அறிந்தவை. 2005-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட தபால் தலைகளில் இராஜபாளையம் நாயின் உருவமும் ஒன்று. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையம் 2020-ஆம் ஆண்டில் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்தது. இவை யாவும் குட்டை மயிர் உடையவை. பட்டணங்களில் நாய்க்கு முடி வெட்டவும் வாசனைத் தூள் தூவவும் கடைகள் ஏற்பட்டிருக்கின்றன. நம் நாட்டு நாய்க்கு அவற்றில் ஒன்றும் வேண்டியதில்லை. வேண்டுவது வாரத்திற்கு ஒருமுறை கால்மணி நேரமும், சோறு வைக்கும் ஆளின் இரண்டு கைகளுமே.

சோறு வைக்கும் ஆள் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. சிப்பிப்பாறை முதலிய வேட்டை நாய்கள் ஒருவரிடமே பற்று வைப்பவை; அயலார் தம்மைத் தொடுவதைப் பொறாதவை. ஆகவே பண்ணையாள் சோறு வைக்கும் வீட்டில் அவரே நாயைத் தடவிப் பார்த்தல் நலம். குட்டியாயிருக்கும்போதே பாதத்தைப் பிடிக்கவும், காதைத் திருப்பவும், உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்கவும் பழக்கிவிட்டால், வளர்ந்தபின் கட்டிப்போட வேண்டிய தொல்லை நேராது. இராஜபாளையம் குட்டிகளில் சில பிறவிச் செவிடாயிருக்கும். அத்தகைய நாயைப் பின்புறமிருந்து திடீரென்று தொடலாகாது; திடுக்கிட்டுக் கடித்துவிடும். கண்ணெதிரே சென்று, கையைக் காட்டி, பின்னரே தொடவேண்டும்.

முரட்டு நாயாயின், மெல்லிய துணிப்பட்டையை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழ் கொணர்ந்து, காதுகளுக்குப் பின்னால் அவிழ்க்க எளிய முடிச்சாக இடலாம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைப்பதாலேயே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆதலால் வாய்க்கட்டைச் சில நிமிஷங்களுக்கு மேல் வைத்திருப்பதும், உச்சிவெயிலில் இடுவதும் கூடாது.

தடவிப் பார்க்கும் முறை

காலை வெயில் ஏறுமுன், வெளிச்சமான இடத்தில் நாயை நிறுத்தி, முதலில் சொரசொரப்பான துண்டினாலோ ரப்பர்ப் பற்கள் உள்ள கையுறையினாலோ கழுத்திலிருந்து வால் நோக்கித் தேய்க்கவேண்டும். உதிரும் மயிரும் அழுக்கும் இதனாலேயே நீங்கும். துணி துவைக்கும் பிரஷ் முதலிய முரட்டுக் கருவிகள் சிப்பிப்பாறையின் மெல்லிய தோலைக் கீறிவிடும். தேய்த்த பின்னர் விரல்களை மயிருக்கு எதிராக ஓட்டி அங்கம் அங்கமாகப் பார்க்கவேண்டும். இராஜபாளையத்தின் வெள்ளை மேனியில் உண்ணி கண்ணுக்கே தெரியும். கன்னியின் கறுப்பு மேனியில் அதைக் கைதான் கண்டுபிடிக்கவேண்டும்.

உண்ணி விரும்பித் தங்கும் இடங்கள் காதின் உட்புறம், கண்ணிமை, கழுத்துப்பட்டையின் அடி, முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, வாலின் அடி, கால்விரல்களின் நடுவிடம் என்பனவாம். முதுகை மட்டும் தடவிப் பார்த்து ‘உண்ணி இல்லை’ என்று விட்டுவிடுவோர் பலர். கழுத்துப்பட்டையை அவிழ்த்தே பார்க்கவேண்டும். பட்டைக்கு அடியில் தோல் அறுந்து புழு வைத்திருப்பதை நாற்றம் வந்தபின் அறிவதைவிட முன்பே அறிதல் நன்று.

விரல்களின் நடுவே பார்க்கும்போது நெருஞ்சி முள், கருவேல முள் ஆகியவற்றையும் தேடவேண்டும். புல் முற்றும் காலத்தில் ஊசி போன்ற புல்விதைகள் விரலிடுக்கிலும் காதிலும் புகுந்து, முன்னோக்கியே நகர்ந்து தோலுக்குள் சென்றுவிடும். நாய் ஒரே பாதத்தை ஓயாமல் நக்குமாயின் இதனைச் சந்தேகிக்கலாம்.

பேன்சீப்பினால் வாலடியைச் சீவி, சீப்பில் வரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பார்க்கலாம். அது செந்நிறமாகக் கரையுமானால் தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்று அறியலாம். தெள்ளு உறிஞ்சிய நாயின் இரத்தமே அந்நிறம். நாயின் வயிற்றில் நாடாப்புழு உண்டாவதற்கும் தெள்ளே காரணம். பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது புழுவின் கருவும் உட்செல்கிறது. காதோரத்திலும் முழங்கையிலும் மயிர் உதிர்ந்து, நாய் இரவும் பகலும் சொறிந்தால் அது சொறிப்பூச்சி. அது மனிதர் தோலிலும் சில நாள் அரிப்பை உண்டாக்கும். ஆதலால் வைத்தியரிடம் காட்டும்வரை குழந்தைகளை விலக்கி வைக்கவேண்டும்.

உண்ணியின் வாழ்க்கை

மாட்டுண்ணியையும் நாயுண்ணியையும் ஒன்றென்று கருதுவதே இவ்விஷயத்தில் நேரும் முதற்பிழை. மாட்டில் மிகுதியாகக் காணப்படும் உண்ணி, குஞ்சாக ஏறிய மாட்டின்மேலேயே மும்முறை இரத்தம் குடித்து, சுமார் 3 வாரம் அங்கேயே வளர்ந்து, முட்டையிடுவதற்கு மட்டும் தரையில் விழுவது. ஆகவே மாட்டின் உடம்பில் மருந்திட்டால் அதன் பெரும்பகுதி அழியும். நாயின் பழுப்பு உண்ணியோ அவ்வாறன்று. குஞ்சு ஏறி, சில நாள் குடித்து, கீழே விழுந்து சுவர்வெடிப்பில் புகுந்து தோலுரிக்கும். மீண்டும் ஏறிக் குடித்து, விழுந்து, ஒளிந்து தோலுரிக்கும். மூன்றாம் முறை ஏறியபின்னரே பெண் உண்ணி ஆமணக்கு முத்தைப்போல் பருத்து, கடைசியாக விழுந்து முட்டையிடும். ஆமணக்கிற்குத் தாவர நூலார் இட்ட ரிசினஸ் என்னும் பெயரும் லத்தீனில் உண்ணியைக் குறிக்கும் சொல்லே. மேல்நாட்டாருக்கும் அவ்வொப்புமை தோன்றியிருக்கிறது போலும்.

ஒரு பெண் உண்ணி இடும் முட்டைகள் பல ஆயிரம். 4,000 என்பது மிகையான கணக்கன்று. அவை வெப்பத்திற்கேற்ப 2 முதல் 5 வாரத்தில் பொரிக்கும். குஞ்சுக்கு ஆறு கால்களே உண்டு. கடுகிலும் சிறியதாதலால் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. இரை கிடையாவிடில் குஞ்சு பல மாதமும், முதிர்ந்த உண்ணி ஓராண்டிற்கு மேலும் உயிரோடு காத்திருக்க வல்லவை. சென்ற ஆண்டு நாய் இறந்த பட்டியில் இவ்வாண்டு புதுக்குட்டியைக் கட்டியதும் அதன்மேல் உண்ணி ஏறுவதன் காரணம் இதுவே, குட்டியின் ராசியன்று.

மேலும், இவ்வுண்ணி தரையில் விழுந்தபின் மேல்நோக்கி ஏறும் இயல்புடையது. ஆகவே நாய் படுக்கும் மூலையில் தரையைப் பெருக்கிவிட்டு, சுவரையும் கதவு நிலையையும் உத்தரக்கட்டையையும் பாராமல் விடுவது பயனற்றது. எந்த வேளையிலும் நாயின் உடம்பில் இருப்பவை சிலவே. பெரும்பகுதி வெடிப்புகளிலேயே இருக்கின்றன. உடம்பில் கண்ட 20 உண்ணியைப் பிடுங்கிவிட்டு நிம்மதியடைபவர், களையின் தலையைக் கிள்ளிவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டவருக்கு ஒப்பாவர். கோரையோடு போராடிய குடியானவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சுவர்வெடிப்புகளைச் சிமிட்டிச் சாந்தினால் அடைத்து, சுண்ணாம்பு அடிக்கவேண்டும். பழைய சாக்கு, கிழிந்த பாய், வைக்கோல் ஆகியவற்றை எரித்துவிட்டு, கழுவிக் காயவைக்கக்கூடிய கல்பலகையின்மேல் நாயைப் படுக்கவிடலாம். சாக்கு வேண்டுமெனில் வாரந்தோறும் கொதிநீரில் நனைத்துக் கடுவெயிலில் உலர்த்தவேண்டும். கல்லும் செங்கல்லுமான சுவராயிருந்து, பக்கத்தில் வைக்கோற்போரும் கூரையும் இல்லாவிடில், கொதிநீரை வெடிப்புகளில் ஊற்றலாம்; தீச்சுடரைக் காட்டுவோரும் உண்டு, ஆனால் ஓலைக் கொட்டகையில் அதனை நினைக்கவும் கூடாது. இவ்வேலையை ஒருமுறை செய்து நிறுத்தினால் போதாது. பொரிக்காத முட்டைகளும் தோலுரிக்கும் குஞ்சுகளும் எப்போதும் மீதமிருக்குமாதலால், 15 நாளுக்கு ஒருமுறையாக 3 மாதமேனும் தொடர்ந்து செய்தல் வேண்டும். நாட்டுக்கோழிகள் தரையில் ஊரும் உண்ணிகளைக் கொத்தித் தின்பது உண்மையே. எனினும் கோழியை நம்பிச் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிடலாகாது.

நாயின் உடம்பிலுள்ள உண்ணியைப் பிடுங்கச் சிறிய சாமணம் போதும். தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமல் நேராக மெல்ல இழுக்கவேண்டும். பருத்த வயிற்றைப் பிடித்து இழுத்தால் அதிலுள்ள நீர் நாயின் இரத்தத்திற்குள் பிதுங்கும். ஊதுவத்தியால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் உண்ணியைத் துன்புறுத்தி அதே தீங்கையே விளைக்கும். பிடுங்கியதை நகத்தால் நசுக்கும் வழக்கம் மிகுதி. இந்திய உண்ணிக் காய்ச்சல் என்னும் நோய் மனிதருக்கும் உண்டாதலால், அதனைச் சவுக்காரம் கலந்த நீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுக் கொன்று, கையைக் கழுவவேண்டும். கடித்த ஒரு நாளுக்குள் நீக்கிய உண்ணியால் நோய் வரும் அபாயம் குறைவு. ஆகவே உண்ணி மிகுந்த காலத்தில் வாரத்திற்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறையாக மாற்றிக்கொள்ளவேண்டும்.

உண்ணிக் காய்ச்சல்கள் இருவகை. ஒன்றில் நாய்க்குக் காய்ச்சல் கண்டு, இரை வெறுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் செம்பழுப்பாக இறங்கும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகவும் கூடும். மற்றொன்று வஞ்சகமானது. உண்ணி கடித்து 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சலும் சோர்வும் கண்டு, தானே நீங்கியதுபோல் தோன்றும், உரியவரும் மறந்துவிடுவார். மாதங்கள் கடந்தபின், ஏன், சில நாய்களில் ஆண்டுகள் கடந்தபின், மூக்கில் இரத்தம் வடிந்து, வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள் தோன்றி நாய் வீழ்ந்துவிடும். மேலே கூறிய மருந்து வைத்த வழக்குகளில் பல இவ்வகையைச் சேர்ந்தனவாயிருக்கக்கூடும். கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்து இவ்விரண்டையும் கண்டறிய வழியுண்டு. இரண்டாவதற்கு மாத்திரை சுமார் 4 வாரம் தொடர்ந்து கொடுக்கவேண்டும். ஐந்தாம் நாளே நாய் சோறு தின்னத் தொடங்கும். அத்துடன் மாத்திரையை நிறுத்துவதே பெரும்பாலோர் செய்யும் தவறு.

பயிர்மருந்தை நாய்க்கு இடலாகாது

பருத்திக்கும் நெல்லுக்கும் தெளிக்கும் பூச்சிமருந்தில் ஒரு மூடி எடுத்து வாளித் தண்ணீரில் கலந்து நாயின்மேல் ஊற்றும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. மறுநாள் உண்ணிகள் உதிர்ந்து கிடக்கும். சிலவேளை நாயும் உடன் கிடக்கும். பயிர்மருந்து இலையின்மேல் நிற்பதற்காக எண்ணெயும் கரைப்பான்களும் சேர்த்துச் செய்யப்பட்டது. அது தோலின் வழியே உட்புகும். நாய் தன் உடம்பை நக்குமாதலால் வாயின் வழியும் செல்லும். வாயில் நுரை தள்ளுதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், உடல் நடுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை அந்நஞ்சின் குறிகள். உடனே கையுறை அணிந்து, நாயைச் சவுக்காரமிட்டு மிகுந்த நீரால் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். சீட்டைப் பார்த்தே அவர் மாற்றுமருந்தைத் தீர்மானிப்பார். வெறும் ‘நீலப் புட்டி’ என்று சொல்வதால் பயனில்லை.

ஒரு தலைமுறைக்கு முன் பி.எச்.சி. தூளை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் வேறுபாடின்றித் தூவினர். அது இந்தியாவில் 1997-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. தாத்தா காலத்துத் தகரத்தில் மிச்சம் இருக்குமாயின் அதனைத் தொடவே வேண்டாம். பெயரைக் கண்டு ஏமாறுவதும் உண்டு. ஃபிப்ரோனில் என்னும் மருந்து நாயின் பிடரியில் இடும் துளிமருந்தாகவும் விற்கிறது. நெல்லிலும் கரும்பிலும் துளைப்பானுக்கு இடும் மருந்தாகவும் விற்கிறது. பெயர் ஒன்றாயினும் சேர்மானமும் வீரியமும் வேறு. உரக்கடைச் சரக்கை நாயின் பிடரியில் ஊற்றி, விலை மலிவாயிற்று என்று மகிழ்வது அறிவுடைமையன்று.

மாட்டிற்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தைத் தம் மனம்போன அளவில் நாய்க்குப் போடுவாரும் உளர். கோலி என்னும் சீமை மேய்ப்பு நாய்களிலும் அவற்றின் கலப்புகளிலும் அம்மருந்து மூளைக்குட் புகுந்து உயிருக்கே கேடு செய்யும். நாயின் எடையைக் கண்டு வைத்தியர் கொடுக்கும் துளிமருந்தோ மாத்திரையோ ஒன்றே தக்கது. நாய்க்குரிய சில துளிமருந்துகளில் பெர்மெத்ரின் சேர்ந்திருக்கும். பூனைக்கு அது கொடிய நஞ்சு. நாயும் பூனையும் ஒரே திண்ணையில் படுக்கும் வீட்டார் இதனை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். வண்டியின் கழிவெண்ணெய், புகையிலைக் கஷாயம் ஆகியவை பற்றி வேறு கூற வேண்டியதில்லை. இரண்டும் நாய் நக்கி உட்கொள்ளும் நஞ்சுகளே.

குளிப்பாட்டுதல் முதலியன

குளிப்பாட்டினால் உண்ணி போகும் என்பது பொய். உண்ணி நீரில் நெடுநேரம் மூழ்கியிருந்தும் பிழைக்கும். குட்டை மயிர் நாய்க்கு மாதம் ஒருமுறை குளியல் போதும். சேற்றில் புரண்டால் அன்று கழுவலாம். மனிதருடைய தோல் புளிப்புத் தன்மை மிக்கது. நாயின் தோலில் அத்தன்மை குறைவு. ஆதலால் நாம் தேய்க்கும் சவுக்காரம் நாயின் தோலை வறளச் செய்து அரிப்பை உண்டாக்கும். சாதாரண அழுக்கிற்குப் பாசிப்பயற்று மாவே போதுமானது. சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும். கார்பாலிக் சவுக்காரத்தை நாய் நக்கினால் தீங்கு. காதினுள் நீர் புகாதபடி பஞ்சை மெல்ல வைத்துக்கொண்டு, குளியல் முடிந்ததும் அதனை மறவாமல் எடுத்துவிடவேண்டும். பின்னர் துண்டால் துடைத்து, இளவெயிலில் உலரவிடவேண்டும். ஈரத்தோடு கட்டிவைத்த நாய் மண்ணில் புரண்டு முன்னைக்காட்டிலும் அழுக்காவது யாவரும் கண்டதே.

வீட்டில் நீண்ட மயிருள்ள பொமரேனியன் முதலியவை இருக்குமானால், குளிப்பாட்டுமுன் சீவிச் சிக்கெடுக்கவேண்டும். நனைந்தபின் சிக்கு இறுகிவிடும். கோடையில் அவற்றை மொட்டையடிப்பது நன்மையென்று எண்ணுகின்றனர். நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டுமே உண்டு. மயிரை மழித்தால் உடல் குளிராது, வெயில் நேரே தோலில் தைக்கும்.

தார்ச்சாலையிலும் கல்தரையிலும் ஓடும் நாயின் நகம் தானே தேயும். கட்டியே கிடக்கும் நாய்க்கும், முன்னங்காலின் உட்புறத்தில் தரை தொடாமல் தொங்கும் நகத்திற்கும் அத்தேய்வு இல்லை. அந்நகம் வளைந்து சதைக்குள்ளேயே புகுந்துவிடும். நகத்தினுள் பாதிக்கு மேல் இரத்தமும் நரம்பும் உண்டு. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாதாகையால் நுனியிலிருந்து அரிசியளவாக வெட்டி, நடுவில் ஈரப்பசையான கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்தவேண்டும். தவறி இரத்தம் வந்தால் படிகாரத் தூளை அழுத்திப் பிடிக்கலாம். மனிதருக்குரிய பற்பசையை நாய்க்கு உபயோகிக்கலாகாது. நாய் அதைத் துப்பாமல் விழுங்கிவிடும், சில பற்பசைகளில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு.

வாயில் கைவிடுமுன் அறியவேண்டியது

மேற்கூறிய யாவும் நாயை நெருங்கித் தொடுவதைப் பற்றியன. தொடலாகாத வேளை ஒன்றும் உண்டு. வெறிநோய் என்றதும் நாக்கைத் தொங்கவிட்டு ஓடிக் கடிக்கும் நாயையே பலரும் நினைக்கின்றனர். அந்நோயில் ஊமை வகை ஒன்றுண்டு. நாய் ஓடாது, குரைக்காது. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் மூலையில் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி, அன்புள்ள உரியவர் வாயினுள் கைவிட்டுத் தேடுகிறார். விரலில் அரிவாள் கீறிய சிறு காயம் இருந்தாலும் போதும். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். ஆகவே நாயின் தாடை தொங்கினாலும், குரல் மாறினாலும், பழகிய நாய் இருட்டை நாடிப் பதுங்கினாலும், அதனைத் தொடாது அறையில் அடைத்து வைத்தியருக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

எச்சில் பட்ட காயத்தையும் கடிவாயையும் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் இவற்றை வைத்துக் கட்டுவது காலத்தைப் போக்குவதோடு காயத்தையும் கெடுக்கும். குட்டிக்கு 3 மாதத்தில் முதல் தடுப்பூசியும், பின்னர் வைத்தியர் குறிக்கும் தவணைப்படி ஆண்டுதோறும் ஊசியும் போடவேண்டும்.

கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் செய்யக்கூடியது மிகுதி. ஓர் ஊரின் நாய்களில் 100-க்கு 70-க்குக் குறையாமல் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே வெறிநோய் பரவும் வழி அடைபடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. உலக வெறிநோய் தினமாகிய செப்டம்பர் 28-ஆம் தேதியை ஒட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுவதுண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னரே தெருவாரியாக நாய்களை எண்ணி, உரியவர் பெயரோடு ஜாபிதா எழுதிவைத்தால், முகாமுக்கு வாராத நாய் எதுவென்று தெரியும். அதே நாளில் உண்ணிமருந்தையும் ஊரார் ஒருங்கே இடுதல் மிகவும் நலம். ஒரு வீட்டுச் சுவரில் ஒளிந்த உண்ணி அடுத்த வீட்டு நாயின்மேல் ஏறாமல் இராதாகையால், தனியொருவர் சுண்ணாம்பு அடித்து மற்றையோர் வாளாவிருப்பின் அவருடைய உழைப்பில் பாதி வீணாகும். மருந்திட்ட தேதியையும், அடுத்த 15-ஆம் நாளையும் நாய்ப்பட்டியின் கதவிலேயே சுண்ணாம்பால் குறித்து வைக்கலாம்.